நீலகிரிச் செம்மறிக்கு மேச்சேரிக் கிடா விடலாமா?

கேள்வி: ஊட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) 18 நீலகிரிப் பெட்டை ஆடுகள், ஒரு கிடா வைத்திருக்கிறேன். நான்கு வருடமாக இதே கிடாதான். இப்போது குட்டிகள் சிறுத்துப் பிறக்கின்றன. போன ஈற்றில் மூன்று செத்தும் போயின. மேச்சேரிக் கிடா விட்டால் எடை கூடும் என்கிறார் வியாபாரி. அழிந்துவரும் இனத்தைக் கலக்கவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கலக்காதீர்கள். மேச்சேரி நல்ல ஆடுதான், ஆனால் வெயில் சீமை ஆடு, உடம்பில் கம்பளி கிடையாது. ஆடி மாதச் சாரலில் அந்தக் கலப்புக் குட்டியை நனையவிட்டுப் பார்த்தால் தெரியும்.

முதலில் ஆடுகளின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் ரத்தம் குடிக்கும் குடற்புழு இருக்கலாம். தாடைக்கடியில் பை போல வீக்கமும் சேர்ந்தால் சதுப்பில் மேய்ந்து கல்லீரல் புழு ஏறியிருக்கலாம். சாணத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி மருந்து கொடுங்கள்.

அப்புறம் கிடா விஷயம். நான்கு வருடத்தில் அது தன் மகள்களையே சினைப்படுத்தியிருக்கும். அப்பன்-மகள் சேர்க்கையில் பிறக்கும் குட்டிக்கு உள்ளினச்சேர்க்கை, அதாவது நெருங்கிய சொந்தத்துக்குள் ரத்தம் சேரும் அளவு, 25 சதவீதம். குட்டி சிறுப்பதும் சாவதும் பெரும்பாலும் அதனால்தான். பெட்டை எத்தனை என்று எல்லோரும் எண்ணுகிறோம், கிடாவை எண்ணுவதில்லை. ஒரு கிடா, 18 பெட்டை என்றால் 19 உருப்படி இருந்தாலும் எல்லாக் குட்டிக்கும் அப்பன் ஒன்றே என்பதால் ரத்தக் கணக்கில் அது 4 ஆட்டு மந்தைதான். உறவில்லாத 3 கிடா வைத்தால் 10 ஆகும்.

மூன்று கிடாவுக்குத் தீனி போட முடியாது என்பீர்கள், நியாயம். நீலகிரி ஆடு வைத்திருக்கும் இன்னும் இரண்டு பேரைப் பிடியுங்கள். உங்கள் கிடாக்குட்டி முதலாமவருக்கு, அவருடையது இரண்டாமவருக்கு, இரண்டாமவருடையது உங்களுக்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படிச் சுற்றில் விட்டால் போதும். சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையத்திலும் கிடா கிடைக்குமா என்று விசாரியுங்கள். "நீலகிரி" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்; அங்கே உருவாக்கிய சாண்டினோ இனத்தில் மெரினோ, ராம்பூலே என்ற வெளிநாட்டுக் கம்பளி ஆடுகளின் ரத்தம் கலந்திருக்கிறது.

வாங்கிய கிடாவை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு நேரே பட்டியில் விட்டு, மழைக்காலம் முழுக்கக் கால் அழுகலோடு போராடினேன்.

செப்டம்பர் நடுவில் சேருங்கள். சினை ஐந்து மாதம் என்பதால், உறைபனி விலகும் பிப்ரவரியில் குட்டி விழும். சேர்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பெட்டைகளுக்குத் தீனி கூட்டுங்கள். கிடாவின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். ஏறிய பெட்டையின் பின்பக்கம் சிவக்கும். 17 நாள் கழித்து நீலத்துக்கு மாற்றுங்கள். நீலமும் ஒட்டிய ஆடு முதலில் சினை நிற்காதது. பாதிக்கு மேல் நீலமானால் கிடாவைச் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று, பக்ரீத் சமயத்தில் வியாபாரி முதலில் கைவைப்பது மந்தையிலேயே கொழுத்த கிடாக்குட்டியில்தான். சுற்றுக்குப் போக வேண்டியது அந்தக் குட்டி. அவர் வருவதற்குள் அதன் காதில் அடையாளத் தோடு போட்டு, தாய் எது, அப்பன் எது என்று நோட்டில் எழுதிவிடுங்கள்.