டோர்னமெண்டில் ஜெயித்த கை கேஷ் கேமில் ஏன் தோற்கிறது?

கேள்வி: இரண்டு வருடமாகச் சின்ன அளவில் போக்கர் டோர்னமெண்ட் ஆடிவருகிறேன். நாலைந்து முறை ஃபைனல் டேபிள் போயிருக்கிறேன். ஒரு முறை முதல் பரிசும் வாங்கினேன். ஆனால் மூன்று மாதமாகக் கேஷ் கேமில் (சிப்புக்கு நேராகப் பணம் வைத்து ஆடும் ஆட்டம்) உட்கார்ந்தால் நஷ்டம்தான். “டோர்னமெண்ட் அதிர்ஷ்டம், கேஷ் கேம்தான் திறமை” என்கிறார் நண்பர். அப்படியானால் நான் ஜெயித்ததெல்லாம் குருட்டு அதிர்ஷ்டமா? எதைக் கற்றுக்கொள்வது?

பதில்: நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் நஷ்டத்தைப் பார்ப்போம். டோர்னமெண்டில் நன்றாகப் பழகிய ஒரு வழக்கத்தையே கேஷ் டேபிளுக்கும் கொண்டுபோகிறீர்கள் என்பது என் சந்தேகம்.

கையில் ஏஸ்-ஜாக் இருக்கிறது என்று வையுங்கள். கேஷ் கேமில் பெரும்பாலும் 100 பிக் பிளைண்டோடு உட்காருவோம் (பிக் பிளைண்ட் என்பது சீட்டுப் போடுமுன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை; அதில் பாதி ஸ்மால் பிளைண்ட், அதை இன்னொருவர் வைப்பார்). நீங்கள் 2.5 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறீர்கள், அதாவது பந்தயத்தை ஏற்றுகிறீர்கள். பிக் பிளைண்டில் இருப்பவர் மட்டும் கால் செய்கிறார், அதாவது அதே தொகையை வைத்துக் கூட வருகிறார். ஸ்மால் பிளைண்ட் வைத்த அரை பிளைண்டையும் சேர்த்தால் பாட் (நடுவில் சேர்ந்த தொகை) 5.5, உங்களிடம் மிச்சம் 97.5. ஃப்ளாப்பில் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளில்) ஒரு ஏஸ் விழுகிறது. இனி ஃப்ளாப், டர்ன் (நான்காம் சீட்டு), ரிவர் (ஐந்தாம் சீட்டு) என்ற மூன்று சுற்றிலும் முழு பாட் அளவுக்கே பெட் வைத்தாலும் 5.5, 16.5, 49.5 என்று மொத்தம் 71.5தான் உள்ளே போகும். அப்போதும் 26 பிளைண்ட் கையில் நிற்கும்.

அதே கையை டோர்னமெண்டின் நடுவில், 20 பிக் பிளைண்ட் மிச்சமிருக்கும்போது ஆடுங்கள். ரெய்ஸ் 2, அதே ஆள் கால் செய்கிறார். ஸ்மால் பிளைண்ட் அரை, ஆன்ட்டி (பிளைண்டுக்கு மேல் வைக்கும் கட்டாயத் தொகை) 1 சேர்த்துப் பாட் அதே 5.5. ஆனால் மிச்சம் 18தான். ஃப்ளாப்பில் ஒரு பாட் அளவு பெட், டர்னில் மீதி 12.5ஐயும் மொத்தமாக வைத்து ஆல் இன். கதை முடிந்தது. ரிவரில் யோசிக்க எதுவுமே இல்லை.

20 பிளைண்டில் டாப் பேரோடு (நடுவில் உள்ள மிக உயர்ந்த சீட்டோடு சேர்ந்த ஜோடி) எல்லாவற்றையும் உள்ளே தள்ளுவது பெரும்பாலும் சரியான ஆட்டம். 100 பிளைண்டில் அதையே செய்தால், கடைசிவரை கூட வருகிறவரிடம் பெரும்பாலும் இரண்டு ஜோடியோ அதற்கு மேலோ இருக்கும். அதைவிடச் சின்ன கைகளெல்லாம் பெரும்பாலும் எப்போதோ ஃபோல்டு ஆகி (ஆட்டத்தை விட்டு விலகி) இருக்கும். சின்னச் சின்ன பாட்களை ஜெயித்து, ஒரே ஒரு பெரிய பாட்டில் எல்லாவற்றையும் விடுகிறீர்களா? அப்படியென்றால் காரணம் இதுதான். கேஷ் கேமின் திறமையில் பெரும்பங்கு டர்னிலும் ரிவரிலும்தான் இருக்கிறது: எதிராளி ஏன் இன்னும் விடாமல் இருக்கிறார் என்று படிப்பது, எவ்வளவு பெட் வைத்தால் சுமாரான கை கால் செய்யும் என்று கணிப்பது, அழகான கையையும் மனசில்லாமல் தூக்கிப் போடுவது. டேபிள் சரியில்லை என்றால் எழுந்து போவதும் அங்கே ஒரு திறமை. டோர்னமெண்டில் அந்த வசதி கிடையாது; எந்த நாற்காலி கொடுத்தார்களோ அதில்தான் உட்கார வேண்டும்.

டோர்னமெண்ட் மட்டும் லேசா என்ன? கேஷில் ஒரு சிப்புக்கு என்ன விலையோ அதுதான் எப்போதும். டோர்னமெண்டில் சிப்பின் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும். நான்கு பேர் மிச்சம், மூன்று பேருக்குத்தான் பரிசு: 50, 30, 20 சதவீதம். நால்வரிடமும் ஆளுக்கு 5,000 சிப். ஒருவர் ஆல் இன் போகிறார். அவரிடம் ஏஸ்-கிங் என்று எப்படியோ உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உங்களிடம் ஜோடி ராணி. ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 57 சதவீதம். கேஷ் கேம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கால் செய்யலாம். இங்கே ஃபோல்டு செய்ய வேண்டும்.

ஐசிஎம் (சிப் அளவைப் பரிசுத் தொகையின் பங்காக மாற்றும் முறை) கணக்கின்படி இப்போது உங்கள் 5,000 சிப்பின் மதிப்பு பரிசுத் தொகையில் 25 சதவீதம். ஜெயித்து 10,000 ஆனால் மதிப்பு 50 ஆவதில்லை, 38.3தான். மீதி 11.7 எங்கே போனது? கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்த மற்ற இருவருக்கும்! 25ஐப் பணயம் வைத்து 38.3 எடுக்க 65 சதவீத வாய்ப்பு வேண்டும். பிளைண்டும் ஆன்ட்டியும் சேர்ந்தால் இந்த எண் சற்றுக் குறையும்; அவை சின்னதாக இருக்கும்வரை 57க்கு வராது. கேஷ் கேமிலேயே ஊறிய நல்ல ஆட்டக்காரர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். போதாததற்குப் பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் 100 பிளைண்ட் ஆட்டம், பிறகு 30, கடைசியில் 10க்குக் கீழே ‘தள்ளு அல்லது விடு’ என்று ஒரே நாளில் மூன்று விதமாக ஆடத் தெரிய வேண்டும்.

இப்போது நண்பரின் பாதி உண்மை. டோர்னமெண்டில் வழக்கமாக 10 முதல் 15 சதவீதம் பேருக்குத்தான் பரிசு. அதிலும் பெரும்பங்கு முதல் சில இடங்களுக்கே. அதனால் நல்ல ஆட்டக்காரரும் பெரும்பாலான நாள் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார். 2003இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். இணையத் தகுதிப் போட்டி வழியாக வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 25 லட்சம் டாலரோடு எழுந்தார். ஒற்றைப் போட்டியில் அது நடக்கும். உங்கள் நாலைந்து ஃபைனல் டேபிளும் திறமைக்கு முழுச் சாட்சி ஆகாது. அதேபோல மூன்று மாத நஷ்டமும் திறமையின்மைக்குச் சாட்சி இல்லை. நேரடி டேபிளில் மணிக்குச் சுமார் 30 கைதான் ஆட முடியும். வாரம் நாலு மணி நேரம் என்றால் மூன்று மாதத்தில் சுமார் 1,500 கைதான் தேறும். அதை வைத்து யாரையும் எடைபோட முடியாது.

எதைக் கற்பது என்றால், என் ஓட்டு கேஷ் கேமுக்கு. 100 பிளைண்டில் ரிவர்வரை ஆடப் பழகியவருக்கு டோர்னமெண்டின் முதல் சில மணி நேரம் சொந்த வீடு மாதிரி. குறைந்த ஸ்டாக் (சிப் கையிருப்பு) ஆட்டத்தையும் ஐசிஎம்மையும் பிறகு அட்டவணை பார்த்தே பெருமளவு கற்றுவிடலாம். மறுதிசையில் வருவது கடினம்; அதைத்தான் இப்போது அனுபவிக்கிறீர்கள். (உங்கள் ஊரில் பணம் வைத்து ஆடச் சட்டம் இடம்கொடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

50 பிளைண்டுக்கு மேல் போன ஒவ்வொரு பாட்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: ரிவரில் உங்களிடம் என்ன இருந்தது, கடைசி ரெய்ஸ் யாருடையது. பத்து பாட் சேர்ந்ததும் எடுத்துப் படியுங்கள். ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு ரிவர் ரெய்ஸுக்குக் கால் செய்த வரி ஒன்றாவது இருக்கும்வரை ஸ்டேக்கை (பந்தய அளவை) ஏற்ற வேண்டாம்.