முக்காலி வேண்டாம் என்றார்கள்

அன்புள்ள ஐயா,

ஹாங்காங் பற்றிய கட்டுரையில் கடைசி பிரிட்டிஷ் ஆளுநர் கிறிஸ் பாட்டனைப் பாராட்டியிருக்கிறீர்கள். பிரிட்டன் ஒன்றரை நூற்றாண்டு ஆண்டபோது தராத ஜனநாயகத்தைக் கிளம்பும் நேரத்தில் தருகிறேன் என்று அவர் சீனாவைச் சீண்டினார். கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால் 1995இல் தேர்வான சட்டமன்றம், ஹாங்காங் சீனாவின் கைக்குப் போன 1997க்குப் பிறகும் நீடித்திருக்குமே?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சட்டமன்றத்துக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டதே 1991இல்தான், அதுவும் 60 இடங்களில் 18க்கு மட்டும். பிரிட்டனுக்கு இதில் பெருமை ஏதும் இல்லை.

ஆனால், எதை விட்டுக்கொடுப்பது? 1993 ஏப்ரல் முதல் நவம்பர் வரை பாட்டனின் தேர்தல் சீர்திருத்தத் திட்டம் பற்றிப் பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் பெய்ஜிங்கில் 17 சுற்றுப் பேச்சு நடந்தது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைப்பதில் பெரிய தகராறு இல்லை. சட்டமன்றத் தேர்தலில் தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்பதைத்தான் சீனா ஏற்கவில்லை. அப்படி வைத்தால் இரண்டாவதாக வந்தவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்புறம், 1997ஐத் தாண்டி யார் பதவியில் தொடரலாம் என்பதற்குத் தெளிவான அளவுகோல் வேண்டும் என்று பிரிட்டன் கேட்டது. அதற்கும் பிடி கொடுக்கவில்லை. பிடிக்காதவரை இறக்கிவிடும் உரிமையை ஒரு தரப்பே வைத்துக்கொண்டால், நீங்கள் சொல்லும் சட்டமன்றம் எப்படி முழுசாக நீடித்திருக்கும்?

பாட்டன் திட்டத்தில் எனக்கு நெருக்கமானது தொழில்வாரித் தொகுதிகள். புதிதாக வந்த 9 தொகுதிகளில் ஜவுளி, ஆடைத் துறைக்கும் ஒன்று. முதலாளிக்கும் சங்கத்துக்கும் மட்டுமல்ல, நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து சட்டைக்குக் காலர் வைக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓட்டு. வசிக்கும் பகுதிக்கு ஒன்று, செய்யும் தொழிலுக்கு ஒன்று. 1997க்குப் பிறகு அந்த இரண்டாவது ஓட்டு அவளிடம் இல்லை.

பேச்சு மேசையிலும் அவளுக்காகத் தனி நாற்காலி கிடையாது. பேசுவது லண்டனும் பெய்ஜிங்கும் மட்டும், ஹாங்காங்கையும் சேர்த்து முக்காலி ஆக்க வேண்டாம் என்பது எண்பதுகளிலிருந்தே சீனாவின் நிலை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

1997 ஜூன் 30 நள்ளிரவோடு 1995 உறுப்பினர்களின் பதவி முடிந்தது. 400 பேர் கொண்ட குழு தேர்ந்தெடுத்து, எல்லைக்கு அப்பால் ஷென்சென்னில் கூடிவந்த தற்காலிகச் சட்டமன்றம் அதே இரவில் பதவியேற்றது. ஜனநாயகக் கட்சித் தலைவர் மார்ட்டின் லீயும் சக உறுப்பினர்களும் சட்டமன்றக் கட்டடத்தின் மாடி முகப்பில் நின்று, கீழே கூடியிருந்த மக்களிடம் திரும்பி வருவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.