கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது சரியா?

கேட்டிருப்பவருக்கு 30 வயது, மனைவி, ஒன்றரை வயதுக் குழந்தை, 11 லட்சம் கடன். சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகிறது. ஒரு கடனுக்கு மச்சான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "ஐ.பி. கொடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுடும்னு நண்பர் சொல்றார், கொடுத்துடலாமா?" என்பது கேள்வி. ஐ.பி. என்பது கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் திவால் மனு, கடன் கொடுத்தவர்களுக்கு அதைத் தெரிவிக்கும் காகிதம்தான் மஞ்சள் நோட்டீஸ். ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதிப் பேர் "வாங்கும்போதே யோசிச்சிருக்கணும்" என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நாங்களும் அந்த மனுவை எழுதும் இடம் வரை போனவர்கள்.

நான் வக்கீல் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததையும், வக்கீலிடமும் சட்டப்பணிகள் அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்கிறேன்.

திருப்பூரில் என் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பவர்டேபிள் யூனிட் வைத்திருந்தார். பனியன் கம்பெனிகளிடம் கட்டிங் பீஸ் வாங்கி, தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். 2019-ல் கல்யாணம். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. ஊரடங்கு முடிந்து ஆர்டர் திரும்பி வந்த நேரத்தில் நூல் விலை ஏறியது. நூல் விலை ஏறினால் கம்பெனிக்காரர் முதலில் நிறுத்துவது எங்களைப் போன்றவர்களுடைய பில்லைத்தான். டெய்லருக்கு வாரக் கூலியைச் சனிக்கிழமை கொடுத்தே ஆக வேண்டும், நமக்கு வர வேண்டியதோ நான்கைந்து மாதம் கழித்து வரும். இடையில் இருக்கும் ஓட்டையைக் கடன் வாங்கித்தான் அடைத்தோம். ஆடம்பரத்துக்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. சிறுதொழில் செய்பவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ல் வந்த சட்டம் சொல்கிறது. சிறுதொழிலுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவு இருந்தால் அதற்கென்று இருக்கும் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுத்தவனுக்கு அடுத்த ஆர்டரை யார் கொடுப்பார்கள்? அதனால் வாயை மூடிக்கொண்டு வட்டி கட்டினோம்.

பையன் பிறந்த வருஷம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 14 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். மெஷின் லோனில் நாலரை லட்சம் பாக்கி, பர்சனல் லோன் 2 லட்சத்து 80 ஆயிரம், கிரெடிட் கார்டு 1 லட்சத்து 40 ஆயிரம், என் நகைகள் மேல் 2 லட்சத்துச் சொச்சம், என் பெயரில் குழு லோன் 38 ஆயிரம். மீதி 3 லட்சம் கைமாத்து. பக்கத்து வீட்டு அக்கா, என் வீட்டுக்காரருடைய அத்தை, எங்களிடமே தைத்த துணியைச் சரிபார்க்கும் வேலை பார்த்த ஒரு செக்கிங் அம்மா, இப்படி.

எங்கள் தெருவில் ஒருவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதாகப் பேச்சு. வீட்டுக்காரரும் அந்த முடிவுக்கு வந்துவிட்டார். வக்கீலைப் பார்க்க நானும் கூடப் போனேன். வயதானவர், நிதானமாகப் பேசினார். "அம்மிணி, மனு அப்புறம் எழுதிக்கலாம். யார் யாருக்கு எவ்வளவு தரணும், அதுக்கு என்ன கையெழுத்து போட்டிருக்கீங்க, அதை முதல்ல எழுதிட்டு வாங்க" என்றார். மறுபடி போனபோது அந்தப் பட்டியலை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார்.

மெஷின் லோனுக்கு மெஷினே ஈடு. ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவரை இந்த மனு தடுக்காது, அவர் தன் பொருளை எடுத்துக்கொள்வார். அதை அடித்தார். நகையும் அப்படியே. கைமாத்தில் ஒருவருக்கு செக் கொடுத்திருந்தோம். செக் திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் குற்ற வழக்கு, அது தனியாக ஓடும், திவால் மனு அதற்குக் குறுக்கே நிற்காது. குழு லோனை நான் கட்டாவிட்டால் கூட இருக்கும் பெண்களைத்தான் போய் நெருக்குவார்கள். இப்படி அடித்துக்கொண்டே வந்து கடைசியில் நின்றது பர்சனல் லோன், கார்டு, அப்புறம் கைமாத்து. அந்த பேங்குகள் நாங்கள் மனு கொடுத்ததற்காக அழப்போவதில்லை. உண்மையில் அந்த மஞ்சள் காகிதத்தைக் கையில் வாங்கி உட்காரப்போவது பக்கத்து வீட்டு அக்காவும் செக்கிங் அம்மாவும்தான். ஈடும் கேட்காமல், எழுதியும் வாங்காமல், முகத்தைப் பார்த்துக் கொடுத்தவர்கள். நான் இதை இங்கே எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். மனு கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பட்டியலையும் இப்படி அடித்துப் பாருங்கள். மிஞ்சுவது யார் பெயர் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று, "கொடுத்துட்டா முடிஞ்சுடும்" என்று உங்கள் நண்பர் சொல்வது உண்மை இல்லை. சென்னைக்கு வெளியே இதற்கு இருப்பது 1920-ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டம், சென்னைக்குள் 1909-ஆம் வருஷத்துச் சட்டம். 2016-ல் புதுத் திவால் சட்டம் வந்தது, ஆனால் அதில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இன்னும் அந்தப் பழைய சட்டம்தான். மனு போடுவது ஒன்று, கோர்ட் உங்களைத் திவாலானவர் என்று அறிவிப்பது இன்னொன்று, கடைசியில் கடனிலிருந்து விடுவித்து ஆணை தருவது மூன்றாவது. அறிவித்ததும் உங்கள் சொத்து, கோர்ட் நியமிக்கும் பொறுப்பாளரான ரிசீவர் கைக்குப் போகும். அதற்குப் பிறகு கோர்ட் சொன்ன காலத்துக்குள் விடுவிப்புக்கு நீங்களே மனு போட வேண்டும். போடாவிட்டால் அறிவிப்பையே ரத்து செய்துவிடுவார்கள், கடன் எல்லாம் பழையபடி எழுந்து நிற்கும். எங்கள் தெருக்காரர் முதல் படியோடு நின்றிருந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. நிம்மதி என்று ஊர் பேசியது அவ்வளவுதான். விடுவிப்பு கிடைத்தாலும் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது, ஜீவனாம்சம், ஏமாற்றி வாங்கிய கடன் இவையெல்லாம் போகாது. மனைவி பெயருக்கு வீட்டை எழுதி வைத்துவிட்டு மனு கொடுக்கச் சொல்வார்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் நடந்த அப்படிப்பட்ட மாற்றத்தைக் கோர்ட் செல்லாது என்று சொல்லிவிடும்.

அதற்காக மனு கொடுத்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு மஞ்சள் நோட்டீஸ் அனுப்பியவர்களும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் தெருக்காரர் ராத்திரி ஷிஃப்டும் சேர்த்து ஓட்டிய மனுஷன். கந்துவட்டிக்காரர்கள் வாசலில் உட்காரத் தொடங்கினால் மனுஷனுக்கு ஒரு மறைப்பு வேண்டும். சட்டத்தில் அந்தக் கதவு இருப்பது நல்லதுதான். 2017-ல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் கந்துவட்டிக் கொடுமையால் குழந்தைகளோடு தீக்குளித்ததை மறந்துவிட்டு அறிவுரை சொல்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

நாங்கள் மனு கொடுக்கவில்லை. யூனிட்டை மூடினோம். ஃபைனான்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி மெஷின்களை நாங்களே ஆள் பார்த்து விற்றோம். அவர்கள் தூக்கிப்போய் ஏலம் விட்டிருந்தால் அந்த விலை வந்திருக்காது. நகைக்கு வட்டி கட்டிக் கட்டித் திருப்பி வைப்பதை நிறுத்தி, மீட்டு, விற்று, கார்டையும் செக் கொடுத்த கைமாத்தையும் முடித்தோம். நகையை விற்றதற்கு இன்னும் என்னைத் திட்டுகிறவர்கள் உண்டு. கார்டு வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை, வருஷத்துக்கு 42. தெருவில் மூணு வட்டிக்குக் கொடுப்பவரைக் கொடுமைக்காரர் என்கிறோம், கார்டு அதையும் தாண்டியது. அந்த வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பீரோவில் தங்கம் எதற்கு?

தாலிக்கொடி மட்டும் இருக்கிறது. அதைப் பற்றி அந்த வக்கீல் சொன்னது இங்கே பலருக்கு உதவும். கடன் கொடுத்தவர் கோர்ட்டில் டிகிரியே, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பே, வாங்கி ஜப்திக்கு வந்தாலும், சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, இவற்றைத் தொடக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் இருக்கிறது. பி.எஃப். பணத்துக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. சம்பளத்தில் முதல் ஆயிரமும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்கு. 20,000 சம்பளம் என்றால் அதிகபட்சம் 6,333 ரூபாய்தான் பிடிக்க முடியும். கையில் இல்லாததால் கட்ட முடியாதவனைச் சிறையில் போடக் கூடாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். பெண்களைப் பணக்கடன் டிகிரிக்காகக் கைது செய்யவே முடியாது. இதெல்லாம் தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் ராத்திரி தூக்கம் வந்தது. "கடனை வாங்கிட்டு சட்டம் பேசுறா" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள். கட்டுவதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

பர்சனல் லோன்தான் கடைசி வரை இழுத்தது. வசூலுக்கு வந்த ஆட்கள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தார்கள், என் தம்பிக்கும் வீட்டுக்காரருடைய அண்ணனுக்கும் போன் போட்டு அசிங்கமாகப் பேசினார்கள். காலை 8-க்கு முன்னாலும் மாலை 7-க்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களை இழுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. போன் வந்த தேதி, நேரம், நம்பர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பேங்கின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு நானே மெயில் அனுப்பினேன். முப்பது நாளுக்குள் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மன் என்ற குறைகேட்பு அதிகாரியிடம் போகலாம், காசு கிடையாது, 14448-ல் விசாரிக்கலாம். அது வரை போகத் தேவைப்படவில்லை, போன்கள் நின்றன. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அந்த மெயிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். பிறகு செட்டில்மெண்ட் பேசினோம். தொகையைக் கடிதமாக வாங்கிய பிறகே பணம் கட்டினோம். நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் அது "குளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்றுதான் நிற்கும், கொஞ்ச வருஷத்துக்கு வீட்டு லோன் கேட்டுப் போக முடியாது. அது தெரிந்தேதான் செய்தோம்.

கைமாத்து வாங்கியவர்களிடம் நானே போய் உட்கார்ந்து பேசினேன். அக்கா, "உன்கிட்ட நான் வட்டி கேட்டனா கண்ணு? அசலை மெதுவா குடு" என்றார். எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் இரண்டு வட்டியை விடவே மாட்டேன் என்றார், கட்டினோம். செக்கிங் அம்மாவுக்கு முதலில் கொடுத்து முடித்தோம், அவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது.

ஒன்று சொல்லாமல் போனால் மனசு ஆறாது, கேள்விக்கு இது சம்பந்தம் இல்லைதான். ஊரடங்கு உலகத்துக்கே வந்தது, நூல் விலை திருப்பூருக்கே ஏறியது. ஆனால் என் வீட்டுக்காரர் சொந்தத்தில் பேசியது என்ன? "இவ வந்த நேரம்." கல்யாணம் முடிந்த வருஷத்தில் தொழில் சரிந்ததால் என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். நகையைக் கழற்றிக் கொடுத்தவளும் நான், குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு செக்கிங் வேலைக்குப் போனவளும் நான். பில்லை நிறுத்திய கம்பெனிக்காரரை ஒரு வார்த்தை கேட்காத வாய், மருமகள் காலைப் பற்றிப் பேசுகிறது. இதைப் படிக்கும் மாமியார்கள், நாத்தனார்கள் யாராவது இருந்தால் கேட்கிறேன், கடன் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் மருமகளின் நட்சத்திரம் எழுதியிருக்கிறது? கேட்டவர் ஆண் என்பதால் சொல்கிறேன், உங்கள் மனைவியை உங்கள் வீட்டார் இப்படிச் சொன்னால் நீங்கள் வாயைத் திறந்து மறுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மறுத்தார். அதனால்தான் நாங்கள் ஒன்றாக இருக்கிறோம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 11 லட்சத்தில் எது எது என்று நீங்கள் பிரித்து எழுதவில்லை. பெரும்பகுதி ஆப் லோனும் கார்டும் என்றால் மனு வரை போகத் தேவை இருக்காது, எழுத்தில் செட்டில்மெண்ட் பேசலாம். கந்துவட்டி அதிகமாக இருந்தால் 2003-ஆம் வருஷத்துத் தடைச் சட்டத்தில் போலீஸில் புகார் கொடுக்க வழி இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் வருமானத்தால் அடைக்கவே முடியாது, விற்க ஒன்றும் இல்லை என்றால் மனு கொடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் விடுவிப்பு ஆணை வரை விடாமல் போங்கள். வக்கீல் பீஸுக்குக் காசு இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள் கேட்டால் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, அதனால் உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிப் போங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் மச்சானிடம் பேசிவிடுங்கள். நீங்கள் விடுவிக்கப்பட்டாலும் ஜாமீன் நின்றவர் விடுபட மாட்டார், அந்தக் கடன் முழுதாக அவர் தலையில் விழும். அவர் அதை பேங்க் நோட்டீஸில் படிக்கக் கூடாது, உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும்.