வண்டி உரத்தைத் தின்கிறது

சுங்கை சிப்புட் பக்கம் பத்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் வாசகர் எழுதுகிறார்: "வறட்சிக்கு அப்புறம் மாதம் மூன்றரை டன் வந்தாலே அதிகம், முன்பு ஆறு வரும். உரத்தை நிறுத்திவிட்டேன், மனைவியின் நகை 8,000 வெள்ளிக்கு அடகில். மரத்தைச் சாய்த்துவிட்டு முசாங் கிங் டுரியான் போடலாம், 30,000 வெள்ளி கொடு என்கிறார் மச்சான். கொடுக்கலாமா?"

ஐயா, வெயிலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, 2022-இல் பழ விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கிய ஹைலக்ஸ் பிக்கப் வண்டிக்கு ஒரே வரி ஒதுக்கியிருக்கிறீர்கள்: மாதம் 1,250, இன்னும் ஐந்து வருஷம். நோய் அந்த வரியில்தான் இருக்கிறது.

டன் 800 என்றே வைப்போம். மூன்றரை டன்னுக்கு 2,800. வெட்டுக்கூலி, லாரி 700. தவணை 1,250. அடகு வட்டி, நீங்கள் சொன்ன 2 விழுக்காட்டில், 160. மீதி 690 வெள்ளியில் குடும்பமும் ஓடி உரமும் வாங்க முடியாது, சரி. ஆனால் மாதம் 600 உரக்காசை மிச்சம் பிடித்து, அதனால் இன்னும் ஒன்றரை டன் விழுந்தால், கூலி போக 900 போச்சு.

இது உடனே தெரியாது, அதுதான் ஆபத்து. மழை பொய்த்தால் செம்பனை ஆண் பூவாகத் தள்ளும், ஆண் பூ குலையாகாது. அப்படிக் குலை குறைவது ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை கழித்துத்தான் கண்ணில் படும். 2015 எல் நீனோ வறட்சிக்கு அடுத்த வருஷம் நம் மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி கிட்டத்தட்ட 2 கோடி டன்னிலிருந்து 1.73 கோடிக்கு இறங்கியது. பழைய மழை கொடுத்த வருமானத்தை நிரந்தரம் என்று நம்பி ஒன்பது வருஷத் தவணை போட்டுவிட்டீர்கள்.

வண்டியை விற்றுவிடுங்கள். கடனை அடைக்கக் கொஞ்சம் கைக்காசு போனாலும் போகட்டும், பழம் ஏற்றத்தான் லாரிக்காரர் இருக்கிறாரே. தவணை நின்றதும் முதல் 600 உரத்துக்கு, அதையும் மண் ஈரமாக இருக்கும்போது போடுங்கள். வெட்டிய மட்டையைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குங்கள், ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலை கிடைத்தால் வேரைச் சுற்றிப் பரப்புங்கள். ஈரம் நிற்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. மீதி 650 நகைக்கு.

டுரியானா? காய்க்கவே ஐந்தாறு வருஷம், இளங்கன்றுக்குத் தண்ணீர் செம்பனையைவிட அதிகம் ஊற்றணும். வெயிலுக்குப் பயந்து ஓடுகிறவர் போய் நிற்கிற இடமா அது? ஊரே நட்டுக்கொண்டிருக்கிறது, அதுவே எனக்கு உதைக்கிறது. மச்சானிடம் முடியாது என்று சொல்லச் சங்கடமாக இருந்தால் என் மேல் பழியைப் போடுங்கள். அதற்கு முன் அடகுச் சீட்டை எடுத்துக் கெடு எப்போது என்று பாருங்கள், இன்றைக்கே.