‘ரேட்ஸைக் குறைத்தேன்’ என்கிறார் வேட்பாளர். என் பில் ஏன் ஏறுகிறது?

கேள்வி: எனக்கு 68 வயது. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சொந்த வீடு. பழைய கவுன்சிலரே மறுபடி நிற்கிறார். ‘உயர்வை எதிர்த்து ஓட்டுப் போட்டேன், ரேட்ஸ் (வீட்டு வரி) விகிதத்தைக் குறைக்க வைத்தேன்’ என்று வாசலில் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். என் பில்லோ ஏறிக்கொண்டே போகிறது. இவரை நம்பலாமா?

பதில்: அம்மா, விகிதம் குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் பில் ஏறியதும் உண்மைதான்.

வீட்டின் சந்தை மதிப்பு, ராண்டுக்கு இத்தனை சென்ட் என்ற விகிதம், இந்த இரண்டையும் பெருக்கி வருவதுதான் ஒரு வருட ரேட்ஸ்; அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதக் கணக்கு. முதல் 15,000 ராண்டுக்கு வரி கிடையாது. அது 2004ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. எந்தக் கவுன்சிலரும் வாங்கித் தந்ததல்ல. ஒரு பேச்சுக்கு, வீட்டு மதிப்பு 8 லட்சம், விகிதம் 1.2 சென்ட் என்று வையுங்கள். மாதம் 785 ராண்ட் வரும். புது மதிப்பீட்டில் வீடு 10 லட்சமாகி, விகிதம் 1.1 சென்ட்டுக்கு இறங்கினால் மாதம் 903. நோட்டீஸில் போடுவது அந்த 1.1 மட்டும்தான். பில்லில் ரேட்ஸ் என்ற வரியைத் தனியாகப் பாருங்கள். கரண்ட், தண்ணீர்க் கட்டணத்தின் கதை வேறு.

அடுத்து அந்த ஓட்டு. டர்பன் நகராட்சியான எத்தெக்வினியின் மன்றத்தில் 222 இடங்கள். ஒருவர் நினைத்து ஏற்றவோ இறக்கவோ முடியாது. பட்ஜெட் நிறைவேற மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 112 பேர் கை தூக்க வேண்டும். ஆகவே வெளிநடப்புச் செய்தவரும், வராமல் வீட்டில் இருந்தவரும் கணக்குப்படி எதிர்த்தவர்களைப் போலத்தான். ‘நான் ஆதரிக்கவில்லை’ என்று இவர்கள் எல்லோருமே சொல்லிக்கொள்ளலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். ரேட்ஸுக்கென்று தனி ஓட்டு நடந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். வரியும் கட்டணங்களும் பட்ஜெட்டோடு சேர்ந்தே நிறைவேறுகின்றன. வேறு ஏதோ செலவு பிடிக்காமல் எதிர்த்தவர்கூட ஐந்து வருடம் கழித்து ‘ரேட்ஸை எதிர்த்தேன்’ என்று சொல்ல இடமிருக்கிறது. அதனால் ஓட்டை மட்டும் பார்க்காமல், அன்று அவர் என்ன பேசினார், என்ன திருத்தம் கொண்டுவந்தார் என்று கேளுங்கள்.

மன்றக் கூட்டக் குறிப்பில் அது இருக்க வேண்டும். கேட்டால் கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் அனுப்புவார்கள். மக்கள் பணத்துக்குப் போட்ட ஓட்டை மக்கள் தேடி அலைய வேண்டியிருப்பது எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். தகவல் பெறும் சட்டப்படி எழுதிக் கொடுங்கள்; பதில் சொல்ல 30 நாள் கெடு உண்டு. அதற்கு முன் நோட்டீஸ் கொடுத்தவரையே கேளுங்கள்: ‘எந்த வருடத்து பட்ஜெட்? குறிப்பின் நகல் எங்கே?’

தேர்தல் நேரத்தில் இன்னொரு கூட்டமும் கிளம்பும். போன புரட்டாசிச் சனிக்கிழமை கோயில் வாசலில் ஒருவர் மேசை போட்டு, ‘ரேட்ஸைக் குறைத்துத் தருகிறோம், கவுன்சிலர் நம்ம ஆள்’ என்று வயதானவர்களிடம் 500 ராண்டும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், மதிப்பு குறைந்தால் மிச்சமாகும் பணத்தில் இரண்டு வருடத்துக்குப் பாதி அவருக்கு என்றிருந்தது. நகராட்சியின் வீட்டு மதிப்பீட்டுப் பட்டியல் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் ஆட்சேபணைப் படிவத்தை நீங்களே நிரப்பலாம். ஏஜென்ட் வேண்டாம், அம்மா, வேண்டவே வேண்டாம்.

‘கோபத்தைக் காட்ட ரேட்ஸ் கட்டாதீர்கள்’ என்று மேடையில் யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஒரு பெண்மணி அப்படித்தான் ரேட்ஸை நிறுத்தினார், கரண்ட் பணத்தை ஒழுங்காகக் கட்டினார். நகராட்சி அவர் கரண்டைத் துண்டித்தது. அது செல்லும் என்று 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆட்சேபணை கொடுத்திருந்தாலும் பணம் கட்டியே ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. பென்ஷன்காரர்களுக்கான ரேட்ஸ் தள்ளுபடியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டையையும் பில்லையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே பக்கத்தில் உள்ள நகராட்சியின் சிசகாலா சேவை மையத்துக்குப் போய் வாருங்கள்.