குளிர்கால மலை வேட்டை: சுமையை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது?

நவம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் மான் வேட்டைக்கு 5 நாள் போவதாகவும், பை கனக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான். ஆகவே பாதாம், வேர்க்கடலை வெண்ணெய், சலாமி, கெட்டிச் சீஸ். இரவுக்கு, வெந்நீர் ஊற்றினாலே தயாராகும் உலர் உணவு பொட்டலம். அதில் தாராளமாக ஆலிவ் எண்ணெய் விட்டுக்கொள்ளலாம். சாக்லேட் பாரைச் சட்டைக்குள் வையுங்கள், வெளியே வைத்தால் பல்தான் உடையும்.

அடுப்பில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கேஸ் குப்பியில் இருக்கும் பியூட்டேன், குளிர் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆவியாகாது. குப்பிகளில் வரும் இன்னொரு வாயுவான ஐசோபியூட்டேனின் கொதிநிலையே சுமார் -12 டிகிரி. கேஸ் குப்பியை இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு தூங்குங்கள். பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால், கனமானாலும் திரவ எரிபொருள் அடுப்பே சரி. நுண்குழாய் வாட்டர் ஃபில்டரும் உங்களோடு உள்ளே படுக்கட்டும்: ஈரத்தோடு உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலேதான் கட்டும், மூடி அடைபடாது.

பருத்தி உடை வேண்டாம், கம்பளி போதும். தரைக்குளிரைத் தடுக்கும் விரிப்பில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

அப்புறம், துப்பாக்கி வேட்டைக் காலத்தில் அங்கே ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் நிற மேலுடையும் தொப்பியும் சட்டப்படி கட்டாயம்.