பழைய பிரவுசர் தொல்லைகள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஐஃபோன் 6-இல் மட்டும் பட்டன்கள் ஒட்டிக்கொள்கின்றன. சிஎஸ்எஸ்ஸின் ஃப்ளெக்ஸ் லேஅவுட்டில் கேப் (gap, இடைவெளி) கொடுத்திருக்கிறேன். ஒரு வசதி பிரவுசருக்குத் தெரியுமா என்று கேட்கும் சப்போர்ட்ஸ் (@supports) வைத்துச் சோதித்தும் பலனில்லை.

பதில்: அந்த போன் ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது. சஃபாரியில் ஃப்ளெக்ஸுக்கு கேப் வந்ததே 2021-இல், 14.1-இல்தான். ஆனால் கிரிட் என்ற இன்னொரு லேஅவுட்டுக்கு கேப் சஃபாரி 12-லேயே உண்டு. அதனால் ‘கேப் தெரியுமா’ என்று சப்போர்ட்ஸ் கேட்டால், கூசாமல் ‘தெரியும்’ என்றுவிடும். எந்த லேஅவுட்டில் என்று கேட்க அதில் வழியில்லை. பேசாமல் மார்ஜினுக்கு (பட்டனைச் சுற்றிய வெளி இடைவெளிக்கு) போங்கள். பட்டன்கள் அடுத்த வரிக்கு மடங்குமானால், எல்லாவற்றுக்கும் வலப்பக்கமும் கீழேயும் மார்ஜின் கொடுத்து, அதே அளவை வெளிப் பெட்டிக்கு மைனஸில் வையுங்கள். பார்க்க அசிங்கம்தான், ஆனால் எங்கும் உடையாது.

கேள்வி: அந்த போனில் க்ரோம் போடச் சொன்னால் போதாதா?

பதில்: போதாது. அதில் க்ரோமுக்கு உள்ளே ஓடுவதும் சஃபாரியில் இருக்கும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான்.

கேள்வி: பாலிஃபில் (விடுபட்ட வசதியைத் தரும் ஸ்கிரிப்ட்) சேர்த்தும் பழைய ஆண்ட்ராய்டு டேப்பில் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது.

பதில்: கன்சோலில் சின்டாக்ஸ் எரர் இருக்கும், பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் ஆப்ஷனல் செயினிங் (?. என்று எழுதுவது) க்ரோம் 80-க்கு முன்னால் கிடையாது. ஓரிடத்தில் இருந்தாலும் முழு ஃபைலும் படுத்துவிடும். பாலிஃபில், பிரவுசரில் இல்லாத ஃபங்ஷனைத் தரும். புரியாத இலக்கணத்தைப் புரியவைக்காது. புதிய கோடைப் பழைய இலக்கணத்துக்கு மாற்றும் பேபல் போடுங்கள். உங்கள் கோடில் இல்லையென்றால் வெளி லைப்ரரிகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் தேடுங்கள், பெரும்பாலும் பேபல் அதைத் தொடாதபடி வைத்திருப்பார்கள்.

அப்புறம், பாலிஃபிலை பாலிஃபில் டாட் ஐஓ தளத்திலிருந்து இழுக்கிறீர்களா? உடனே நீக்குங்கள். 2024-இல் அந்த டொமைன் கைமாறி, லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் விஷ ஸ்கிரிப்ட்டில் மாட்டின. உங்கள் சர்வரிலேயே வையுங்கள்.

கேள்வி: ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) 11-க்கு என்ன செய்வது?

பதில்: 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டே கைகழுவியது. கிளையன்ட் தனியாகக் காசு கொடுத்தால் பார்க்கலாம்.

கேள்வி: பிரவுசர் தன் பெயரைச் சொல்லும் யூசர் ஏஜென்ட்டில் வெர்ஷன் பார்த்துப் பிரித்தால் எளிதல்லவா?

பதில்: 2009-இல் ஓபரா 10 வந்தபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை ஓபரா 1 என்று எடுத்துக்கொண்டன. வேறு வழியின்றி அது 9.80 என்று பொய் சொல்லத் தொடங்கியது. வசதி இருக்கிறதா என்று சோதியுங்கள், பெயரைக் கேட்காதீர்கள்.

கேள்வி: சோதித்தாலும் பொய் சொல்லும் என்று நீங்கள்தானே முதல் பதிலில் சொன்னீர்கள்?

பதில்: சரியான பிடி! சப்போர்ட்ஸிடம் கேட்காமல் நீங்களே அளந்து பாருங்கள். மேலிருந்து கீழாக அடுக்கும் (column) ஒரு ஃப்ளெக்ஸ் பெட்டி, ரோ கேப் 1 பிக்சல், உள்ளே இரண்டு காலி டிவ். பக்கத்தில் சேர்த்து அதன் ஸ்க்ரோல் ஹைட்டைப் (scrollHeight, உள்ளடக்க உயரம்) பாருங்கள். 1 என்றால் கேப் வேலை செய்கிறது, 0 என்றால் இல்லை. பார்த்ததும் பெட்டியை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: ஐஃபோன் 6-இல் ஃபயர்ஃபாக்ஸ் போட்டால்?

பதில்: மேலே க்ரோமுக்குச் சொன்னதைப் படியுங்கள்.